கருக்கலில் அசைந்தவர்கள்

ஜனவரி 17, கும்பகோணம்

இல்லை, வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றுதான் சொன்னேன். இரண்டும் ஒன்றல்ல. அம்மாவுக்கும் அது தெரியும். சரி என்று தலையை ஆட்டிவிட்டு முருங்கைக்கீரையை உருவ ஆரம்பித்தாள்.

பிறகு நானே மாற்றிச் சொல்லிவிடாமலிருக்க எழுதி வைக்கிறேன். அம்மா உலகநாதன் சாரைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறாள். அவளுக்கு ஐம்பத்தொரு வயது, அவருக்கு ஐம்பத்தாறு. அவர் உயர்நிலைப் பள்ளியில் டிரில் மாஸ்டர். மனைவி இறந்து பல வருடங்கள் ஆகின்றன. பிள்ளைகள் இல்லை. அம்மா இந்த ஊரில் போஸ்ட்மாஸ்டர். பள்ளி விளையாட்டு விழா அழைப்பிதழ்களைப் பதிவுத் தபாலில் அனுப்ப வந்தபோது பழக்கம். அழைப்பிதழை யாராவது பதிவுத் தபாலில் அனுப்புவார்களா. அம்மாவுக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். புரிந்திருக்கிறது போல.

"நீ சரின்னாதான்," என்றாள் அம்மா. "இல்லேன்னா இல்ல. வருத்தமெல்லாம் பட மாட்டேன்."

கடைசி வாக்கியம் தேவையே இல்லை.

நாளை கடற்கரைப் பயணம். பத்திரிகைக்கு ஒரு படத்தொடர். டெல்டாவின் கரையோர ஊர்கள், கருக்கல் நேரத்தில் மட்டும். விடிவதற்கு முந்தைய கருக்கல், பொழுது சாய்ந்த பிறகு வரும் கருக்கல். ஃப்ளாஷ் கூடாது என்பது ஆசிரியர் கஸ்தூரியின் கட்டளை. சென்னையில் ஒரு லென்ஸ் வாடகைக்கு எடுத்து வந்திருக்கிறேன். கண்ணை அகலத் திறக்கும். கொஞ்சம் வெளிச்சமே போதும். பிடித்திருக்கும் கையின் நடுக்கத்தையும் தானே சரிசெய்துகொள்ளும். பழைய மாடல். உரிக்காத தேங்காயின் கனம்.

பஸ்ஸில் போவதாக இருந்தேன். சார் தன் காரில் அழைத்துப் போகிறாராம். அம்மா லீவு போட்டுவிட்டாள்.

என் அம்மா. லீவு.


ஜனவரி 18, தரங்கம்பாடி

இங்கே சூரியன் கடலில் விழுவதில்லை. நமக்குப் பின்னால், ஊருக்குள் எங்கோ விழுகிறது. அதைக் கேள்விப்பட்டதுபோல் கடல் மெல்ல நிறம் மாறுகிறது.

பொத்தானைப் பாதி அழுத்தினால் லென்ஸுக்குள் ஒரு சின்ன உறுமல், மடியில் தூங்கும் பூனையினுடையதுபோல. உடனே எதிரிலிருக்கும் காட்சி மிதந்து, நின்றுவிடுகிறது. என் மூச்சு, நாடித்துடிப்பு, மூன்று டீ குடித்த கை எல்லாவற்றையும் அது உள்ளே வாங்கிக்கொள்கிறது. ஷட்டரை நொடியில் எட்டில் ஒரு பங்கு நேரம் திறந்து, கையிலேயே பிடித்து எடுத்தேன். கோட்டைச் சுவர் செங்கல் செங்கலாக வந்திருக்கிறது. சந்தோஷம். இந்தச் சொல்லை எழுதி ரொம்ப நாள் ஆகிறது.

அம்மாவை மதிலருகே நிற்கச் சொன்னேன். நின்றாள். அவளைப் போல் அசையாமல் நிற்க யாராலும் முடியாது. அப்பா இறந்துபோனதிலிருந்து அப்படி. ஷட்டரை முழு நொடி திறந்து வைத்தாலும் இமை ஆடாது. மங்கிய வெளிச்சத்தில் படமெடுக்க என் அம்மாவைவிட நல்ல ஆள் கிடையாது என்று நண்பர்களிடம் பெருமையடித்துக்கொள்வதுண்டு.

என் முதுகுக்குப் பின்னாலிருந்து சார் குரல் கொடுத்தார். "மேடம், நான் விசில் அடிச்சாதான் கலையணும்."

அம்மா கலைந்தாள். "சும்மா இருங்க சார். பொண்ணு வேலை பாக்குறா."

சார், மேடம். இருவரும் இப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். அந்தப் படம் வீண்.

லாட்ஜுக்கு வந்ததும் அம்மாவின் போன் அடித்தது. அடுத்த அறையிலிருந்து சார்தான். காலையில் எப்போது கிளம்புவது என்று கேட்க. அதைக் கேட்டு முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

சென்னையில் இருக்கும்போது தினமும் இரவு அம்மாவுக்குப் போன் செய்வேன். ஐப்பசியிலிருந்து பல நாட்கள், வேறு அழைப்பில் இருக்கிறார் என்று வந்துகொண்டிருந்தது. நெட்வொர்க் கோளாறு என்று நினைத்திருந்தேன்.


ஜனவரி 19, நாகூர்

தூறல். லென்ஸை வெளியே எடுக்கவில்லை. கடைத்தெருவில் ஒதுங்கி நின்று இறால் வாடா தின்றோம், மேலே இறால் பதித்துச் சுடச்சுடப் பொரித்த வடை. கடைசியாக இரண்டுதான் இருந்தன. சாருக்கு இறால் பிடிக்காதாம். டீ மட்டும் குடித்தார்.

இறால் பிடிக்காதவர்கள் மீது எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு.


ஜனவரி 20, நாகப்பட்டினம்

மீன்பிடித் துறைமுகம். வானம் இன்னும் வெளுக்கவில்லை. கம்பங்களில் மஞ்சள் விளக்கு. ஐஸ், டீசல், ஈரச் சாக்கு. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். யாருக்கும் கோபமில்லை.

மீன்களைப் படமெடுக்க வந்தவள் நான். சார் என்னைவிடச் சுறுசுறுப்பாக ஒரு கூடைக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கிளறாதீங்க. பாத்துட்டு வெலையச் சொல்லுங்க," என்றார் மீன் விற்கும் அம்மாள்.

"கண்ணாலதாம்மா பாக்குறேன். கை தானா போவுது."

"அக்கா, உங்க வீட்டுக்காரரைக் கொஞ்சம் புடிச்சு நிறுத்துங்க. மீனெல்லாம் பயப்படுது."

அம்மா திருத்தவில்லை. நான் காமிராவுக்குப் பின்னாலிருந்து காத்திருந்தேன். திருத்தவே இல்லை.

"புடிச்சா நிக்கிற ஆளா அவரு," என்றாள்.

சார் கடைசியில் வாங்கியது இறால். ஒரு பை நிறைய. ஆளைத் தூக்கிப் போடும் பேரம், அப்புறம் பையை முகர்ந்து பார்த்து ஒரு பெருமூச்சு.

"உங்களுக்கு இறால் பிடிக்காதுன்னீங்களே சார்?"

"நேத்து ரெண்டுதானேம்மா இருந்துச்சு," என்றார். சொல்லிவிட்டு ஐஸ் வாங்கப் போனார்.

பகலில் படங்களை மடிக்கணினியில் போட்டுப் பார்த்தேன். கூடைகள் தெளிவு. ஐஸ் கட்டியின் விளிம்பு தெளிவு. தராசில் எழுதியிருக்கும் பெயர்கூடப் படிக்க முடிகிறது. அம்மா மட்டும் கலங்கல். ஒன்றில் அவளுக்கு மூன்று கைகள். இன்னொன்றில் முகமே இல்லை. ஒரு சிரிப்பு மட்டும் இடமிருந்து வலமாக இழுபட்டிருக்கிறது.

லென்ஸின் குறை அல்ல. இது பிடித்திருப்பவரின் கையைத் தாங்கும். எதிரில் நிற்பவர் அசைந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. சென்னையில் நான் எடுக்கும் சனிக்கிழமைப் புகைப்பட வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான்.

"அம்மா" என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் நிறையப் பழைய படங்கள் இருக்கின்றன. திறந்தேன். பொங்கல், பிறந்தநாள், ஆடிப்பெருக்கு, அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால். ஒன்றுகூடக் கலங்கவில்லை. நான் நன்றாக எடுக்கிறேன் என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறேன்.

இன்றைய கலங்கல்களை அழிக்கவில்லை. இடம் நிறைய இருக்கிறது.


ஜனவரி 21, கோடியக்கரை

இன்று நடந்ததை வகுப்பில் யாருக்கும் சொல்லப்போவதில்லை.

விடியும் முன்னே சதுப்புக்குப் போனோம். தண்ணீர் எது வானம் எது என்று தெரியவில்லை. வெகு தொலைவில் பூநாரைகள், கோலமாவில் யாரோ புள்ளி வைத்ததுபோல. அம்மாவும் சாரும் கரைமேட்டில் நிற்க, பின்னால் அந்தப் புள்ளிகள், மேலே வெளுக்கத் தொடங்கும் வானம். மனதில் படம் முழுதாக வந்துவிட்டது. கையை நம்பவில்லை. டிரைபாடில் பூட்டினேன். ஒரு முழு நொடி.

"மூச்சுக்கூட விடக் கூடாது," என்றேன்.

"அதெல்லாம் மேடத்துக்குச் சொல்லு. எனக்கு அட்டென்ஷன் முப்பது வருஷப் பழக்கம்," என்றார் சார்.

"பேசாதீங்க சார்," என்றாள் அம்மா, உதட்டை அசைக்காமல்.

நின்றார்கள். உண்மையாகவே நின்றார்கள். நான் வரிசையாக எடுத்தேன். வானம் இளஞ்சிவப்பானது, வெளுத்தது, முடிந்தது. பூநாரைகள் எழுந்து போயின.

எல்லாம் கலங்கல். இருவர் மட்டுமல்ல. கரை, புல், தண்ணீர், வானம், எல்லாமே இரட்டை இரட்டையாக.

லென்ஸின் நடுக்கம் தாங்கும் விசையை அணைக்க மறந்திருக்கிறேன். டிரைபாடில் பூட்டிய காமிரா நடுங்காது. ஆனால் இந்தப் பழைய மாடலுக்கு அது தெரியாது. நடுக்கம் எங்கே என்று தேடும். இல்லாத நடுக்கத்தைத் திருத்தப் பார்க்கும். தேடித் தேடித் தானே ஆடும். வாடகைக்குக் கொடுப்பவர்கள்கூடச் சொல்லி அனுப்பும் பாலபாடம். நான் பாடம் எடுப்பவள்.

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு. கொஞ்சம் அழுத கண்ணுல பாத்த மாதிரி," என்றாள்.

சார் பார்க்கக்கூட இல்லை. "நாளைக்கும் சூரியன் வரும்ல. வரலேன்னா போய்க் கேப்போம்," என்று காரைத் துடைக்கத் தொடங்கினார். ஒரு நாள் அதிகம் தங்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து, தனக்குக் காய்ச்சல் என்று சொன்னார். அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். அரசு ஊழியர். பொய் சொல்லும் இடத்தில் நின்று சிரிக்கிறாள்.


அதே நாள், மாலை

அப்பாவைப் பற்றி இதில் எழுத வேண்டியதில்லை.

அப்பா எப்போதும் ஃப்ளாஷ் போட்டுத்தான் எடுப்பார். பட்டப்பகலில், வாசலில், வெயிலில்கூட. வீட்டு ஆல்பத்தில் எல்லோருக்கும் சிவந்த கண்கள். டைமர் வைத்து எடுத்த படங்களில் நாங்கள் மூவரும் குடும்பமாக ஏதோ திட்டம் தீட்டிக்கொண்டிருப்பதுபோல் இருப்போம்.

இன்று மத்தியானம் அந்த ஆல்பத்தைப் பற்றி அம்மா சாரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் இறால் தோலை உரித்தபடி கேட்டார். லாட்ஜ் சமையல்காரர் ஐஸ் பெட்டியில் இடம் கொடுத்து, அடுப்பும் கொடுத்திருந்தார். "எனக்கும் ஒருநாள் காட்டுங்க மேடம். சாரை நான் பாத்ததே இல்லியே," என்றார்.

அப்பாவை அவர் சார் என்கிறார்.

தலைவலி. சீக்கிரம் படுத்தேன். தலைவலி இல்லை.


ஜனவரி 22, கோடியக்கரை

மறுபடி சதுப்பு. விசையை அணைத்தேன். தொட்டுப் பார்த்தேன். மறுபடி தொட்டுப் பார்த்தேன். இருவரும் நேற்று நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஒரு நொடி.

படம் வந்தது. குறையே இல்லை. புல்லின் நுனி, சட்டைப் பொத்தான், அம்மாவின் மூக்குத்தி எல்லாம் தெளிவு. நெடுநேரம் பார்த்தேன். ரேஷன் அட்டையில் ஒட்டலாம்.

"முடிஞ்சுதா?" என்றாள் அம்மா.

"முடிஞ்சுது. இறங்குங்க."

காமிராவை டிரைபாடிலிருந்து கழற்றினேன். பழக்கத்தில் விசையைப் போட்டேன். அதற்குள் அம்மா கரைமேட்டிலிருந்து சேற்றில் கால் வைத்துவிட்டாள். கணுக்கால் வரை. "சார்," என்றாள், அலுவலகத்தில் ஃபைல் கேட்கும் குரலில். சார் கையை நீட்டினார். அவரும் இறங்கிவிட்டார். இப்போது இருவரும் சேற்றில். ஒருவர் காலை எடுத்தால் மற்றவர் கால் இன்னும் ஆழமாகப் போகிறது.

"மேடம், ரைட் லெக் ஃபர்ஸ்ட்."

"எது ரைட்டுன்னே தெரியல சார், எல்லாம் சேறா இருக்கு."

அம்மா சிரித்த சிரிப்பில் உட்கார்ந்தே விடுவாள் போலிருந்தது. நான் உதவிக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. லென்ஸ் உறுமியது. ஆறில் ஒரு நொடி. எடுத்தேன். எடுத்துக்கொண்டே இருந்தேன். என் தோள் குலுங்கியது. நானும் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதை லென்ஸ் தாங்கிக்கொண்டது.

சதுப்பு தெளிவு. வானம் தெளிவு. நடுவில் இரண்டு பேர் ஒருவருக்குள் ஒருவர் கலந்து, யாருடைய கை எது என்று தெரியாமல்.

லாட்ஜுக்குத் திரும்பியதும் சார் டயருக்குக் காற்றடிக்கப் போனார். அம்மா பின்பக்கக் குழாயடியில் சேலை விளிம்பை அலசினாள். மறுமுனையைப் பிடித்து முறுக்கிக் கொடுத்தேன்.

"சாரோட அக்கா கல்யாணத்துக்கு வர மாட்டாங்களாம்," என்றாள் அம்மா. "ரெண்டு நாளா சொல்லணும்னு இருந்தேன். இந்த வயசுல மாலையும் மேளமும் கேக்குதான்னு சொல்லிட்டாங்களாம். நீ சரின்னு சொன்னாலும் அவங்க வர மாட்டாங்க."

சேலையை உதறிக் கொடியில் போட்டேன். சுருக்கத்தை நீவினேன். மாப்பிள்ளை தாலியில் ஒரு முடிச்சுப் போடுவார். மற்ற இரண்டையும் அவருடைய அக்காவோ தங்கையோ போட வேண்டும். சாருக்கு இருப்பது அந்த ஒரு அக்காதான்.

"அப்ப நாத்தனார் முடிச்சு யார் போடுறது?" என்று கேட்டேன்.

அம்மா குழாயை மூடினாள்.

"நீ இன்னும் சரின்னே சொல்லலியேடி."

"அதான் கேக்குறேன்ல."

"கேக்குறது வேற. சொல்றது வேற."

"சரி."

"சரின்னா?"

"சரிதாம்மா. எத்தனை தடவை சொல்றது."

அம்மா குழாயை மறுபடி திறந்து முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டாள். அது ஏற்கனவே கழுவிய முகம்.

"நீயே போட்டுடேன்," என்றாள், நிமிராமல்.

"நான் உனக்கு நாத்தனாராம்மா?"

"நாத்தனார்கூட இவ்வளவு நாள் இழுத்தடிச்சிருக்க மாட்டா."

வேறொன்றும் கேட்க வேண்டியிருந்தது. கொடியில் கிளிப் போட்டபடி கேட்டேன். "ராத்திரி போன் பண்ணா எடுப்பியா?"

அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுதப்போவதில்லை.

"நான் எடுக்கலேன்னா அவர் எடுப்பாரு. அவர்கிட்ட பேசு."

"அவர்கிட்ட என்ன பேசுறது?"

"என்னைப் பத்தி குறை சொல்லு. யார்கிட்டயாவது சொல்லணும்னு அவரும் தவிச்சிட்டு இருக்காரு."

சார் வந்தார். "மாதங்கி சரின்னுட்டா சார்," என்றாள் அம்மா. அவர் காரை ஒரு சுற்றுச் சுற்றினார். நான்கு டயரையும் காலால் உதைத்துப் பார்த்தார்.

"காத்து நல்லா இருக்கு," என்றார்.


ஜனவரி 25, சென்னை

கஸ்தூரி சேற்றுப் படத்தைத்தான் முதல் பக்கத்துக்கு எடுத்தார். தெளிவான படம் நிராகரிப்பு.

"யாரு இவங்க ரெண்டு பேரும்? கேப்ஷன் வேணும்."

"ஒருத்தர் என் அம்மா."

"இன்னொருத்தர்?"

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். படிப்பெல்லாம் படித்து, ஒரு மனிதரைக் குறிக்க ஒரு சொல் இல்லை. இரவு போன் செய்தேன். கல்யாண வேலையாக வீட்டுக்கு வந்திருந்த சார்தான் எடுத்தார். அம்மா குளிக்கிறாளாம். கேட்டேவிட்டேன்.

"சார்னே கூப்பிடும்மா. உங்கம்மாவே அப்படித்தான் கூப்பிடுறாங்க. தாலி கட்டுனப்புறமும் மாறாதுன்னு கண்டிஷனா சொல்லிட்டாங்க."

பிறகு கொஞ்ச நேரம் அம்மாவைக் குறை சொன்னோம். அவரிடம் என்னைவிட அதிகம் இருந்தது.


ஜனவரி 26

கேப்ஷன்: அம்மாவும் சாரும், கோடியக்கரை.


ஜனவரி 31

வாடகை லென்ஸைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கல்யாணம் வரைக்கும் நீட்டித்தேன்.


பிப்ரவரி 8, கும்பகோணம்

ஊருக்கு வெளியே சின்ன சிவன் கோயில். உள்மண்டபத்தில் எண்ணெய் விளக்குகள் மட்டும். குருக்கள் ஃப்ளாஷ் கூடாது என்றார். என்னிடம் இல்லை என்றேன். நம்பவில்லை. காமிராவின் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

சாரின் பக்கம் பள்ளி ஆசிரியர்கள். அம்மாவின் பக்கம் மொத்த தபால் நிலையம். சாரின் அக்கா வரவில்லை. பள்ளிக்கூடத்து பேண்ட் வாத்தியக் குழு வெளியே நின்று வாசித்தது. கொடியேற்ற நாளில் வாசிப்பதை வாசித்தார்கள். அவர்களுக்கு அதுதான் தெரியும். சார் மணையில் உட்கார்ந்தபடி முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

அம்மா மாலையோடு இருந்தாள். எடுத்தேன். சார் வேட்டியைச் சரிசெய்தார். எடுத்தேன். எட்டில் ஒரு நொடி, நாலில் ஒரு நொடி. விளக்குச் சுடர்கூடத் தூங்குவதுபோல் நின்றது. இந்த லென்ஸுக்காகவே கட்டிய மண்டபம்.

"நாத்தனார் யாரும்மா, முன்னாடி வாங்கோ," என்றார் குருக்கள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கையில் காமிரா. இதை எப்படி யோசிக்காமல் விட்டேன் என்று தெரியவில்லை. முடிச்சுப் போட வேண்டியவளும் நான்தான், படம் எடுக்க வேண்டியவளும் நான்தான்.

பக்கத்தில் நின்றவர் ஞானசௌந்தரி அக்கா, அம்மாவின் அலுவலகத்தில் தபால் பிரிப்பவர். அவர் கையில் கொடுத்தேன். பார்சல் வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கினார்.

"ஐயோ, எனக்கு இதெல்லாம் வராது. கை ஆடுது பாரு."

"ஆடட்டும்க்கா. அது பாத்துக்கும். அந்தப் பொத்தானை மட்டும் அழுத்துங்க."

அம்மாவின் பின்னால் மண்டியிட்டேன். சார் முதல் முடிச்சைப் போட்டார். போட்டுவிட்டு நூலை என்னிடம் தந்தார். அம்மாவின் பிடரி. பின்னலுக்குக் கீழே நரை, நான் பார்க்காத நரை. எந்தப் படத்திலும் நான் இந்தப் பக்கம் நின்றதில்லை. நூல் மஞ்சளால் வழுக்கியது. என் கை நன்றாகவே நடுங்கியது. தாங்க எதுவும் இல்லை. இரண்டாவது முடிச்சு. மூன்றாவது. இறுக்கினேன்.

"கழுத்தை நெரிக்காதடி," என்றாள் அம்மா, திரும்பாமல்.

சார் சிரித்தார். அம்மா குலுங்கினாள். நானும்.

அட்சதை எல்லாம் முடிந்த பிறகு ஞானசௌந்தரி அக்கா காமிராவைத் திருப்பிக் கொடுத்தார். அவர் எடுத்தது ஒரே ஒரு படம். தூண் தெளிவு. தூணில் செதுக்கிய யாளியின் பல் தெளிவு. விளக்கு தெளிவு. அதன் கீழே மூன்று உருவங்கள், மஞ்சளும் பச்சையும் வெள்ளையுமாகக் கரைந்து, எங்கே ஒருவர் முடிந்து அடுத்தவர் தொடங்குகிறார் என்று தெரியவில்லை.

"கெட்டுப்போச்சா கண்ணு?" அக்காவின் முகம் வாடியிருந்தது. "நான் ஆட்டிட்டேன் போல."

"இல்லக்கா, நீங்க ஆட்டல," என்றேன். "நாங்க அசைஞ்சுட்டோம்."

காமிராவைப் பையில் வைத்து மூடினேன். பந்தியில் பரிமாற ஆள் குறைவு என்றார்கள். போய் இலைகளில் உப்பு வைத்தேன்.